ஆகாயத்தை அளந்தவர் அகதியான கதை

அகதியான விஞ்ஞானி என்றவுடன் எங்கள் எல்லோருக்கும் ஐன்ஸ்டீனின் ஞாபகம்தான் வரும். அகதிகள் சம்பந்தமான சுவரொட்டிகளில்கூட அவரின் படத்தைக் கண்டிருக்கிறோம். ஆனால் அதே காலத்தில், நோபல் பரிசு வாங்கி இரண்டு வருடம் முடிவதற்குள் வேலை, ஓய்வூதியம், பரிசுப் பணம் எல்லாவற்றையும் இழந்து, 55 வயதில் மனைவியையும் கூட்டிக்கொண்டு எல்லை கடந்த இன்னொருவர் இருக்கிறார். அவர் பெயர் விக்டர் பிரான்ஸ் ஹெஸ். ஒஸ்திரியா நாட்டவர். விஞ்ஞான உலகத்தில் பெரிய பெயர். எங்கட ஆட்களுக்குள் அவரைப் பற்றிக் கதைப்பவர்கள் குறைவு. இந்தச் சித்திரைப் புத்தாண்டு மலரில் அவருடைய வாழ்க்கையைக் கொஞ்சம் பார்ப்போம்.

வனக்காவலர் மகன்

ஹெஸ் 1883ஆம் ஆண்டு யூன் மாதம் 24ஆம் திகதி ஒஸ்திரியாவின் ஸ்ரைறியா மாகாணத்தில், வால்ட்ஸ்ரைன் என்ற மாளிகையில் பிறந்தார். மாளிகை என்றவுடன் பெரிய பிரபுக் குடும்பம் என்று நினைக்க வேண்டாம். மாளிகையும் காடும் ஒரு இளவரசருக்குச் சொந்தம். ஹெஸ்ஸின் தகப்பனார் அந்தக் காட்டைப் பராமரிக்கும் உத்தியோகத்தர்.

கிறாஸ் நகரத்தில் பள்ளிப் படிப்பையும் பல்கலைக்கழகப் படிப்பையும் முடித்தார். பிறகு பேர்லினுக்குப் போய் ஒளியியலில் ஆராய்ச்சி செய்ய ஆசைப்பட்டார். பவுல் டுறூட என்ற பேராசிரியரிடம் சேர ஏற்பாடெல்லாம் ஆகியிருந்தது. ஆனால் 1906இல், இவர் போய்ச் சேர்வதற்குச் சில கிழமைகள் இருக்கும்போது, அந்தப் பேராசிரியர் தற்கொலை செய்துகொண்டார். இளம் ஹெஸ் போட்டு வைத்திருந்த திட்டமெல்லாம் ஒரே நாளில் இல்லாமல் போயிற்று. அவர் வியன்னாவுக்குப் போனார். அங்கே அப்போது எல்லோரும் கதைத்துக்கொண்டிருந்தது கதிர்த்தொழிற்பாட்டைப் பற்றித்தான். 1910இல் வியன்னாவில் புதிதாகத் திறக்கப்பட்ட றேடிய ஆராய்ச்சி நிலையத்தில் உதவியாளராகச் சேர்ந்தார். ஒளியியல் போய், கதிர்வீச்சு அவருடைய வாழ்க்கை ஆயிற்று. நினைத்த இடத்துக்குப் போக முடியாமல் வேறொரு இடத்துக்குப் போய்ச் சேருகிறது என்னவென்று எங்களுக்கு ஒருவரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

காற்றில் இருந்த புதிர்

அந்தக் காலத்தில் பௌதிகவியல் படித்தவர்களுக்கு ஒரு சின்னப் புதிர் தொல்லை கொடுத்துக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடத்தில் பொன்னிலை மின்காட்டியைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். மின்காட்டிக்குள் இரண்டு மெல்லிய இலைகள் தொங்கும். மின்னேற்றம் கொடுத்தால் இரண்டும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு விரியும். காற்று ஒரு காவலி என்பதால் ஏற்றம் வெளியே போகாது, இலைகள் விரிந்தபடியே நிற்கவேண்டும். ஆனால் அப்படி நிற்பதில்லை. மெல்ல மெல்ல நெருங்கிவிடும். எவ்வளவு இறுக்கி மூடி வைத்தாலும் இதே கதைதான்.

காரணம் என்ன? ஏதோ ஒரு கதிர் உள்ளே புகுந்து காற்றின் அணுக்களை உடைத்து அயன்களாக்குகிறது. அந்த அயன்கள் ஏற்றத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுபோய்விடுகின்றன. கதிர் எங்கிருந்து வருகிறது என்றால், மண்ணிலும் கல்லிலும் இருக்கும் கதிர்த்தொழிற்பாடுள்ள மூலகங்களில் இருந்துதான் என்று அநேகமானோர் சொன்னார்கள். அது சரியென்றால், தரையை விட்டு மேலே போகப் போகக் கதிர் குறையவேண்டும்.

தியோடர் வூல்ப் என்ற யேசு சபைக் குரு ஒருவர், எங்கும் தூக்கிக்கொண்டு போகக்கூடிய நல்ல மின்மானி ஒன்றைச் செய்திருந்தார். 1910இல் அவர் அதைப் பாரிசுக்குக் கொண்டுபோய் ஈபிள் கோபுரத்தின் உச்சியில் வைத்து அளந்தார். கதிர் குறைந்துதான் இருந்தது. ஆனால் கணக்குப்படி குறைய வேண்டிய அளவுக்குக் குறையவில்லை. சுவிற்சர்லாந்தில் கொக்கெல் என்பவர் பலூனில் ஏறி அளந்தார். அவருக்கும் எதிர்பார்த்த குறைவு தெரியவில்லை. இத்தாலியில் பச்சினி என்பவர் கடல் தண்ணீருக்குள் கருவியை இறக்கி அளந்து, எல்லாக் கதிரும் மண்ணில் இருந்து வருவதாகச் சொல்ல முடியாது என்று எழுதினார். ஆனாலும் பழைய விளக்கத்தை விட ஒருவருக்கும் மனமில்லை. கருவியில் ஏதோ பிழை இருக்கும் என்று சொல்லிவிட்டால் அலுவல் முடிந்தது!

பலூனில் ஏறினார்

ஹெஸ் அப்படி விடவில்லை. முதலில் அவர் செய்த வேலை மேலே ஏறுவது அல்ல. கீழே நின்று, பலமான றேடியத்தை வைத்து, அதன் கதிர் காற்றில் எவ்வளவு தூரம் போகும் என்று தானே அளந்தார். மண்ணில் இருந்து வரும் கதிர் ஏறக்குறைய 500 மீற்றர் உயரத்துக்குள் அநேகமாகக் காற்றால் உறிஞ்சப்பட்டுவிடும் என்று கண்டார். அப்படியென்றால் அதற்கு மேலே கதிர் இருந்தால் அது மண்ணுடையது அல்ல. இவ்வளவும் உறுதியான பிறகுதான் பலூனைத் தேடினார்.

1911இல் இரண்டு முறை பறந்தார். அதிக உயரம் போகவில்லை. ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர் உயரம் வரை கதிர் தரையில் இருந்தது போலவே இருந்தது. 1912இல் ஏழு முறை பறந்தார். சிலது பகலில், சிலது இரவில். ஏப்ரல் 17ஆம் திகதி சூரிய கிரகணத்தன்று ஒரு பறப்பு. சந்திரன் சூரியனை மறைக்கும்போதும் கதிர் குறையவில்லை. இரவிலும் குறையவில்லை. அப்படியென்றால் கதிர் சூரியனில் இருந்து நேரே வருவதாகவும் சொல்ல முடியாது.

ஏழாவது பறப்புத்தான் சரித்திரத்தில் இடம்பிடித்தது. 1912 ஓகஸ்ட் 7ஆம் திகதி காலை 6 மணி கழிந்த கொஞ்ச நேரத்தில், பொஹீமியாவில் உள்ள அவுசிக் என்ற ஊரில் இருந்து வெளிக்கிட்டார்கள். இன்று அந்த ஊர் செக் குடியரசில் இருக்கிறது. பலூனுக்குள் ஐதரசன் வாயு. கீழே பின்னிய கூடைக்குள் மூன்று பேர்: பலூனை ஓட்டுபவர், வானிலை பார்ப்பவர், அளப்பதற்கு ஹெஸ். மூன்று மின்மானிகளும் ஒட்சிசன் போத்தல்களும் கூட வந்தன.

அந்தக் கூடையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். இன்றைய விமானம் போல மூடிய அறை இல்லை. நெஞ்சளவுக்கு ஒரு பிரம்புச் சுவர்தான். 5 கிலோமீற்றர் உயரத்தில் காற்றின் அமுக்கம் தரையில் இருப்பதில் ஏறக்குறைய அரைவாசி. மூச்சு முட்டும், தலை சுற்றும், கை விறைக்கும். மேலே பற்றியெரியக்கூடிய ஐதரசன். இதற்குள் நின்றுகொண்டு, ஒவ்வொரு கருவியின் நுணுக்குக்காட்டிக்குள்ளும் கண்ணை வைத்து, மயிரிலும் மெல்லிய இரண்டு இழைகள் எவ்வளவு நெருங்கியிருக்கின்றன என்று பார்த்து, நேரத்தையும் குறித்து எழுதவேண்டும். ஒருமுறை அல்ல, திரும்பத் திரும்ப.

பலூன் 5350 மீற்றர் வரை ஏறியது. முதலில் தரையை விட்டு ஏறும்போது கதிர் கொஞ்சம் குறைந்தது. அதற்கு மேலே திரும்பக் கூடத் தொடங்கியது. உச்சியில் தரையில் இருந்ததைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு! ஒரு கருவி மட்டும் சொன்னால் பழுது என்று தள்ளலாம். எல்லாக் கருவியும் ஒரே கதையைச் சொன்னால்? மத்தியானம் 12 மணியளவில் காற்று அவர்களைக் கொண்டுபோய் எல்லைக்கு அப்பால், ஜேர்மனியில் பேர்லினுக்குக் கிழக்கே பீஸ்கோ என்ற இடத்தில் இறக்கியது.

ஹெஸ் தனது முடிவை எழுதினார். மிகவும் ஊடுருவும் சக்தியுள்ள ஒரு கதிர், மேலே வெளியில் இருந்து எங்கள் வளிமண்டலத்துக்குள் வருகிறது. இதைத்தான் இன்று அண்டக் கதிர்கள் என்கிறோம். நீங்கள் இந்தப் பக்கத்தை வாசிக்கும்போதும் அதன் துணிக்கைகள் உங்கள் உள்ளங்கையை ஊடறுத்துக்கொண்டு போகின்றன, ஏறக்குறைய ஒரு செக்கனுக்கு ஒன்று என்ற கணக்கில். ஒன்றும் செய்யாது, பயப்பட வேண்டாம்.

நம்பாதவர்கள்

உண்மையைக் கண்டுபிடித்தவுடன் உலகம் மாலை போடுவதில்லை. அடுத்த இரண்டு வருடத்தில் ஜேர்மனியைச் சேர்ந்த கோல்ஹோஸ்ரர் 9000 மீற்றருக்கும் மேலே போய் அளந்து, ஹெஸ் சொன்னது சரி என்றார். ஆனால் 1914இல் உலக யுத்தம் வந்தது. ஆராய்ச்சி நின்றது. யுத்தத்துக்குப் பிறகு அமெரிக்காவில் மில்லிக்கன் என்ற புகழ்பெற்ற விஞ்ஞானி முதலில் இதைச் சந்தேகித்தார். பிறகு 1925இல் மலை ஏரிகளுக்குள் கருவியை இறக்கி அளந்து, கதிர் மேலே இருந்துதான் வருகிறது என்று ஒப்புக்கொண்டார். அண்டக் கதிர் என்ற பெயரையும் அவரே வைத்தார். அமெரிக்கப் பத்திரிகைகள் அதை மில்லிக்கன் கதிர் என்றே எழுதின. பலூனில் ஏறி உயிரைப் பணயம் வைத்தவரின் பெயர் காணாமல் போகப் பார்த்தது. ஹெஸ்ஸும் அவரது நாட்டு விஞ்ஞானிகளும் இதை எதிர்த்து எழுத வேண்டியிருந்தது. உழைத்தவன் ஒருவன், பெயர் இன்னொருவனுக்கு என்பது எல்லா நாட்டிலும் இருக்கிற வழக்கம் போல.

றேடியத்தின் விலை

1920இல் ஹெஸ், பேர்த்தா பிறைஸ்கி என்ற பெண்ணை மணந்தார். அடுத்த வருடம் இருவரும் அமெரிக்காவுக்குப் போனார்கள். நியூஜேர்சியில் ஒரு றேடியக் கம்பனியின் ஆய்வுகூடத்தை 1923 வரை ஹெஸ் நடத்தினார்.

தொழிற்சாலையில் நின்று உழைக்கிற எங்களைப் போன்றவர்கள் அந்தக் கம்பனியைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும். இருட்டில் ஒளிரும் மணிக்கூட்டு முகங்களுக்கு றேடியம் கலந்த மை பூசுவதுதான் அங்கே வேலை. பூசியவர்கள் இளம் பெண்கள். தூரிகையின் முனையைக் கூராக்க உதட்டில் வைத்து எடுக்கச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் றேடியம் வயிற்றுக்குள் போனது. தாடை எலும்பு உக்கிப் பலர் இறந்தார்கள். அவர்களில் ஐந்து பெண்கள் போட்ட வழக்கு 1928இல் சமரசத்தில் முடிந்தது. வேலைத்தலத்தில் நச்சுப் பொருளால் வரும் நோய்க்கு முதலாளி பொறுப்பு என்ற எண்ணம் உலகத்தில் வளர அந்தப் பெண்கள் பட்ட பாடு ஒரு காரணம்.

றேடியம் ஹெஸ்ஸையும் விட்டுவைக்கவில்லை. பல வருடம் அதைக் கையால் தொட்டு வேலை செய்ததன் விளைவாக அவர் கையில் புண் வந்து, 1934இல் ஒரு பெருவிரலை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று.

இதற்கிடையில் அவர் ஒஸ்திரியாவுக்குத் திரும்பி, கிறாஸிலும் பிறகு இன்ஸ்புறூக்கிலும் பேராசிரியராக இருந்தார். இன்ஸ்புறூக்குக்கு மேலே ஹபெலேகார் என்ற மலையில், ஏறக்குறைய 2300 மீற்றர் உயரத்தில், 1931இல் ஒரு நிலையத்தை அமைத்தார். பலூன் ஒரு சில மணித்தியாலம்தான் மேலே நிற்கும். மலை வருடம் முழுக்க நிற்கும். அண்டக் கதிரை இரவு பகலாகப் பதிவு செய்ய அதுதான் வழி. எங்கட பக்கத்திலும் இப்படி ஒரு இடம் உண்டு. தமிழ்நாட்டில் உதகமண்டலத்தில் ஏறக்குறைய 2200 மீற்றர் உயரத்தில் அண்டக் கதிரை ஆராயும் பெரிய நிலையம் இயங்குகிறது.

எதிர்ப்பொருள் வெளிப்பட்டது

ஹெஸ் கண்டுபிடித்த கதிருக்குள் ஒருவரும் எதிர்பாராத ஒரு பொருள் ஒளிந்திருந்தது. 1928இல் இங்கிலாந்தில் பவுல் டிராக் என்ற இளம் விஞ்ஞானி இலத்திரனைப் பற்றி ஒரு சமன்பாடு எழுதினார். அதைத் தீர்த்தால் இரண்டு விடை வந்தது. ஒன்று நாங்கள் அறிந்த மறையேற்ற இலத்திரன். மற்றது அதே திணிவு, ஆனால் நேரேற்றம். இப்படி ஒரு பொருள் இயற்கையில் இருக்கத்தான் வேண்டும் என்று 1931இல் டிராக் எழுதினார்.

1932 ஓகஸ்டில் கலிபோர்னியாவில் கார்ல் அன்டர்சன் என்ற இளைஞர் அதைப் படமே பிடித்துவிட்டார். சுவீடனில் இருந்து அமெரிக்காவில் குடியேறிய பெற்றோரின் பிள்ளை அவர். அண்டக் கதிர் முகிலறை என்ற கருவிக்குள் வரும்போது, அதன் பாதையில் சின்னச் சின்ன நீர்த்துளிகள் கோடாகத் தெரியும். பக்கத்தில் பலமான காந்தம். நேரேற்றத் துணிக்கை ஒரு பக்கம் வளையும், மறையேற்றத் துணிக்கை மற்றப் பக்கம் வளையும். ஆனால் துணிக்கை மேலிருந்து வந்ததா, கீழிருந்து வந்ததா என்று தெரியாவிட்டால் எந்த ஏற்றம் என்று சொல்ல முடியாது. இதற்கு அன்டர்சன் நல்ல வேலை ஒன்று செய்தார். நடுவில் 6 மில்லிமீற்றர் தடிப்பில் ஒரு ஈயத்தகடு வைத்தார். தகட்டைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும் துணிக்கை வேகம் குறைந்திருக்கும், கூட வளையும். ஆகவே எந்தப் பக்கம் கூட வளைந்திருக்கிறதோ அந்தப் பக்கம்தான் அது வெளியே வந்த பக்கம்.

படத்தில் இருந்தது இலத்திரனைப் போன்ற இலேசான துணிக்கை, ஆனால் நேரேற்றம். பொசித்திரன்! மனிதன் கண்ட முதலாவது எதிர்ப்பொருள் அதுதான். எதிர்ப்பொருளும் சாதாரணப் பொருளும் சந்தித்தால் இரண்டும் அழிந்து சக்தியாக மாறிவிடும்.

1936ஆம் ஆண்டுப் பௌதிகவியல் நோபல் பரிசு ஹெஸ்ஸுக்கும் அன்டர்சனுக்கும் சரிபாதியாகக் கிடைத்தது. ஒருவர் கதிரைக் கண்டுபிடித்தவர், மற்றவர் கதிருக்குள் எதிர்ப்பொருளைக் கண்டுபிடித்தவர். ஒருவருக்கு 53 வயது, மற்றவருக்கு 31. அன்டர்சனிடம் ஸ்ரொக்ஹோம் போகக் காசு இல்லாமல், மில்லிக்கனிடம் கடன் வாங்கிக்கொண்டு போனாராம். ஹெஸ்ஸுக்கோ 24 வருடம் கழித்து வந்த நீதி அது.

1938

1937இல் ஹெஸ் மீண்டும் கிறாஸ் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். 1938 மார்ச் 12ஆம் திகதி ஹிட்லரின் படை ஒஸ்திரியாவுக்குள் புகுந்தது. ஒரு நாடு வரைபடத்தில் இருந்து காணாமல் போயிற்று.

ஹெஸ் யூதர் அல்ல, கத்தோலிக்கர். ஆனால் மனைவி பேர்த்தா யூத வம்சத்தைச் சேர்ந்தவர். ஹெஸ் ஹிட்லருக்கு முந்திய ஒஸ்திரிய அரசின் பக்கம் நின்றவர். நாசிகளுக்கு இரண்டும் குற்றம். வேலையில் இருந்து நீக்கினார்கள். ஓய்வூதியமும் இல்லை என்றார்கள். சுவீடனில் வைத்திருந்த நோபல் பரிசுப் பணத்தைக் கொண்டுவந்து ஜேர்மன் அரசின் கடன் பத்திரமாக மாற்ற வற்புறுத்தினார்கள். அதாவது கையில் காகிதம்தான் மிச்சம்.

அந்த நேரத்தில் கிறாஸ் பல்கலைக்கழகத்தில் நோபல் பரிசு பெற்றவர்கள் மூன்று பேர் இருந்தார்கள். ஹெஸ் ஒருவர். 1936இல் மருத்துவத்துக்குப் பரிசு பெற்ற ஒட்டோ லோவி மற்றவர். அவர் யூதர் என்பதால் சிறையில் அடைத்து, பரிசுப் பணத்தையும் பறித்துக்கொண்டுதான் வெளியே விட்டார்கள். மூன்றாவது ஆள் எர்வின் ஸ்ரோடிங்கர். அவரையும் வேலையால் நிறுத்தினார்கள். அந்த வருடம் முடிவதற்குள் மூவருமே ஒஸ்திரியாவில் இல்லை. சின்ன நகரம் ஒன்றின் பல்கலைக்கழகத்தில் மூன்று நோபல் அறிஞர்கள் இருந்த பெருமையை ஒரே வருடத்தில் தாங்களே அழித்துவிட்டார்கள். கல்வியைப் பகைக்கிற ஆட்சி என்ன செய்யும் என்பதை, நூலகம் எரிந்ததைப் பார்த்த சமூகமாகிய எங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

கெஸ்டாபோவில் இருந்த ஒரு அதிகாரி இரக்கப்பட்டு, நீங்கள் இங்கே இருந்தால் இருவரையும் முகாமுக்குக் கொண்டுபோவார்கள் என்று ஹெஸ்ஸுக்கு இரகசியமாகச் சொல்லிவிட்டார். ஹெஸ்ஸும் பேர்த்தாவும் சுவிற்சர்லாந்துக்குத் தப்பிப் போனார்கள். அவர்களைப் பிடிக்கும் உத்தரவு சில கிழமை பிந்தி வந்தது. 1912இல் காற்று அவரை எல்லை தாண்டி இறக்கியபோது அவர் சாதனையாளர். 1938இல் எல்லை தாண்டியபோது அவர் அகதி.

திரும்ப முதலில் இருந்து

அதே வருடம் நியூயோர்க்கில் போர்டாம் பல்கலைக்கழகம் அவருக்கு வேலை கொடுத்தது. யேசு சபையார் நடத்தும் பல்கலைக்கழகம் அது. 55 வயது. வேறு மொழி. சொந்த மலையும் ஆய்வு நிலையமும் கடலுக்கு அப்பால். முன்பு இரண்டு வருடம் அமெரிக்காவில் இருந்தது ஒரு ஆறுதல். 1944இல் அமெரிக்கப் பிரசை ஆனார்.

அவர் பழைய பெருமையைச் சொல்லிக்கொண்டு சும்மா இருக்கவில்லை. இருந்த இடத்தில், கிடைத்த கருவியோடு, அளக்கத் தொடங்கினார். ஹிரோஷிமாவில் அணுகுண்டு போட்ட பிறகு, அதன் கதிர்த் தூசி நியூயோர்க் வரை வந்திருக்கிறதா என்று 1946இல் எம்பயர் ஸ்டேட் கட்டிடத்தின் 87ஆம் மாடியில் நின்று அளந்தார். பிறகு நிலத்துக்குக் கீழே ரயில் நிலையத்துக்குள் இறங்கிப் பாறையின் கதிரை அளந்தார். மனித உடம்பில் மிகச் சிறிதளவு றேடியம் இருந்தாலும் கண்டுபிடிக்கும் முறை ஒன்றை இன்னொருவருடன் சேர்ந்து உருவாக்கினார். நியூஜேர்சித் தொழிற்சாலைப் பெண்களுக்கு நடந்தது இன்னொருவருக்கு நடக்காமல், நேரத்தோடு கண்டறிய உதவும் வேலை அது. அணுகுண்டுச் சோதனைகளையும் அவர் எதிர்த்தார். அதன் கதிர் மனித உடம்புக்கு நீண்ட காலத்தில் என்ன செய்யும் என்று இன்னும் சரியாகத் தெரியாது என்பதே அவர் வாதம். பெருவிரலை இழந்தவர் சொன்னால் அதற்கு ஒரு பெறுமதி இருக்கிறது.

அவரோடு ஒன்றாக எல்லை தாண்டிய பேர்த்தா 1955இல் புற்றுநோயால் இறந்தார். பேர்த்தாவைக் கடைசிவரை பராமரித்த எலிசபெத் என்ற தாதியை ஹெஸ் பின்னர் மணந்தார். 1964 டிசெம்பர் 17ஆம் திகதி, நியூயோர்க் மாநிலத்தில் உள்ள மவுண்ட் வேர்ணன் என்ற ஊரில், 81ஆவது வயதில் அவர் காலமானார்.

பலூன் இன்னும் பறக்கிறது

அவர் தொடங்கிய வேலை நிற்கவில்லை. இன்றைய கேள்வி இதுதான். பிரபஞ்சம் தோன்றியபோது பொருளும் எதிர்ப்பொருளும் சம அளவில் உண்டாகியிருக்க வேண்டும். அப்படியென்றால் எதிர்ப்பொருளெல்லாம் எங்கே? எங்கேயோ எதிர்ப்பொருளால் ஆன நட்சத்திரங்கள் இருக்கின்றனவா? அப்படி இருந்தால் அவற்றில் இருந்து ஒரு சில துணிக்கைகளாவது அண்டக் கதிரோடு எங்களிடம் வந்து சேரலாம்.

இதைத் தரையில் இருந்து பார்க்க முடியாது. மேலே இருந்து வரும் கதிர் காற்றில் மோதி வேறு துணிக்கைகளாக உடைந்துவிடுகிறது. ஆகவே காற்றுக்கு மேலே போகவேண்டும். அதற்குத்தான் பலூன். ஹெஸ்ஸின் கூடை போல அல்ல, ஆளில்லாப் பலூன். நாங்கள் கடையில் சாமான் வாங்கும் பையைப் போல மெல்லிய பொலித்தீனால் செய்தது. உள்ளே ஈலியம். ஏறக்குறைய 37 கிலோமீற்றர் உயரத்துக்குப் போகும். ஹெஸ் போனதைப் போல ஏழு மடங்கு. வளிமண்டலத்தின் நூற்றில் 99 பங்குக்கு மேல் கீழே நின்றுவிடும். பலூனில் தொங்கும் கருவிக்குள் அன்டர்சன் வைத்தது போலவே ஒரு பலமான காந்தம். நேரேற்றம் ஒரு பக்கம், மறையேற்றம் மற்றப் பக்கம். அடிப்படை மாறவேயில்லை.

1979இல் அமெரிக்க விஞ்ஞானிகளும் சோவியத் விஞ்ஞானிகளும் தனித்தனியே பலூன் மூலம் அண்டக் கதிரில் எதிர்ப் புரோத்தனைக் கண்டார்கள். 1993 முதல் யப்பானும் அமெரிக்காவும் சேர்ந்து பெஸ் என்ற கருவியைக் கனடாவின் வடபகுதியில் இருந்து பலமுறை பறக்கவிட்டன. பிறகு அதை அந்தாட்டிக்காவுக்குக் கொண்டு போனார்கள். ஏன் அந்தப் பனிக் கண்டத்துக்கு? அங்கே டிசெம்பர், சனவரியில் சூரியன் மறைவதில்லை. இரவுக் குளிர் இல்லாததால் பலூன் இறங்காமல் நாட்கணக்கில் நிற்கும். மேல் காற்றும் தென்துருவத்தைச் சுற்றியே அடிக்கும். 2007 டிசெம்பரில் ஏறிய பலூன் 24 நாட்களுக்கு மேலாக அளந்தது. பதிவான அண்டக் கதிர்ச் சம்பவங்கள் ஏறக்குறைய 470 கோடி. அதற்குள் எதிர்ப் புரோத்தன்கள் 7886. எதிர் ஈலியம் ஒன்றுகூட இல்லை.

ஒன்றுமில்லை என்பதும் ஒரு விடைதான். அந்த எதிர்ப் புரோத்தன்களை, சாதாரண அண்டக் கதிர் விண்வெளி வாயுவில் மோதுவதால் உண்டானவை என்று விளக்கிவிடலாம். எதிர் நட்சத்திரத்துக்கு அடையாளம் இல்லை. எதிர்பார்த்தது கிடைக்கவில்லை என்பதற்காகக் கணக்கை மாற்றி எழுதாமல், இல்லை என்று உள்ளபடி எழுதினார்கள். ஹெஸ் தொடங்கிவைத்த ஒழுக்கம் அது. 2012 ஓகஸ்டில், ஹெஸ் பறந்து நூறு வருடம் நிறைந்தபோது, அவர் இறங்கிய அந்தக் கிராமத்துப் பக்கமே விஞ்ஞானிகள் கூடி அவரை நினைவுகூர்ந்தார்கள்.

எங்களுக்கு என்ன?

நாங்கள் ஊரில் இருந்து வெளிக்கிடும்போது பலர் பலதை விட்டிட்டு வந்தோம். வீடு, காணி, உத்தியோகம், பாதியில் நின்ற படிப்பு. இந்த நாட்டில் எங்கட சேட்டிபிக்கற்றுக்குப் பெறுமதி இல்லை என்று சொன்னபோது, எங்களுக்கே பெறுமதி இல்லை என்று சொன்னது போல இருந்தது. ஹெஸ்ஸின் கதை அதற்கு ஒரு பதில். ஒரு அரசாங்கம் அவரின் வேலையைப் பறித்தது, பணத்தைப் பறித்தது, நாட்டையே பறித்தது. கருவியைக் கையில் எடுத்து, கண்ணை வைத்துப் பார்த்து, பார்த்ததைப் பார்த்தபடி எழுதுகிற பழக்கத்தை அதனால் பறிக்க முடியவில்லை. அதை அவர் எல்லை தாண்டியும் கொண்டுவந்தார்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படித்துவிட்டு வந்து ஏன் இப்படி, எப்படித் தெரியும் என்று கேட்டால், பேசாமல் படி என்று அதட்டாதீர்கள். அந்தக் கேள்விதான் காட்டுக்குள் வளர்ந்த ஒரு பெடியனை 5350 மீற்றர் உயரத்துக்கு ஏற்றியது. நாளைக்கு அந்தாட்டிக்காவில் பறக்கும் பலூன் ஒன்றின் கருவியில் எங்கட பிள்ளை ஒன்றின் கையும் பட்டிருக்கலாம்.

வாசகர்கள் அனைவருக்கும் இனிய சித்திரைப் புத்தாண்டு வாழ்த்துக்கள்.